சாவி ரெஜிஸ்டரும் செயற்கை நுண்ணறிவும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் ஆடிட், அப்புறம் சின்னவளுக்கு ஸ்கூல் அட்மிஷன் என்று ஓடிவிட்டது. இன்றைக்கு வங்கிக் கதைதான். எண்பதுகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்கொள்ளவும்.

கொஞ்ச நாள் முன்னால் எங்கள் வட்டார அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு. வங்கிகளில் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பொறுப்போடு பயன்படுத்துவது என்பது தலைப்பு. வகுப்பெடுத்த பையன் நன்றாகவே பேசினான். நம்பிக்கை, நியாயம், பொறுப்பு, புரியும்படி இருத்தல் என்று திரையில் ஏழு சூத்திரங்கள் வந்தன. என் பக்கத்தில் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கியிருக்கும் ஒரு குஜராத்தி சீனியர். முழுக்கக் கேட்டுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எல்லாம் சரி. இதுக்கு ரெஜிஸ்டர் எது?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது. வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு விதி எந்த ரெஜிஸ்டரில், யார் கையெழுத்தில், எத்தனை மணிக்கு என்று இறங்கி வருகிற வரைக்கும் அது விதியே இல்லை, சர்க்குலர்தான்.

அந்த நேரம் மனசில் ஓடியது எங்கள் மாவுக்கடை அண்ணாச்சி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அகமதாபாத் மணிநகரில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார். இங்கே ஒரு காலத்தில் மில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்கள்தான் அண்ணாச்சியின் முதல் வாடிக்கை. இப்போது குஜராத்திக்காரர்களே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். இன்னொரு கிரைண்டரும் ஒரு குளிர்பெட்டியும் வாங்கக் கடன் கேட்டார். விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இரண்டே நிமிஷத்தில் சிவப்பில் வந்தது, தகுதி இல்லை என்று. கீழே ஒரு கோடு எண். அவ்வளவுதான்.

"ஏன் சார்?" என்று கேட்டார்.

"தெரியலையே அண்ணாச்சி" என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்துவிட்டு ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு அசிங்கம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மெஷின் வந்த கதை.

இந்திய வங்கிகளுக்கும் மெஷினுக்கும் உள்ள உறவு சண்டையில் ஆரம்பித்தது. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கம்ப்யூட்டர் கொண்டுவரப் பார்த்தபோது இலாகோ ஹவுஸ் கட்டடத்தில் ஊழியர்கள் காவல் இருந்து தடுத்தது தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். வேலை போய்விடும் என்ற பயம். வங்கிகளிலும் அதே பயம்தான். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. மெஷின் வருவதற்கு முன்னாலேயே மெஷினுக்கான விதி வந்துவிட்டது. 1983 செப்டம்பர் 8ம் தேதி இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த மாதிரி மெஷின், எந்த வேலைக்கு, அதில் உட்காருகிறவருக்கு என்ன அலவன்ஸ் என்றெல்லாம் பேசி எழுதினார்கள். கிட்டத்தட்ட அதே சமயம் ரிசர்வ் வங்கி அப்போதைய துணை கவர்னர் சி. ரங்கராஜன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. அரியலூரில் பிறந்த நம்ம ஊர்க்காரர், பின்னாளில் கவர்னர். 1984ல் அறிக்கை வந்தது. அதையொட்டிக் கிளைகளுக்கு வந்து இறங்கியவைதான் ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள். 1989ல் அவருடைய இரண்டாவது கமிட்டியின் அறிக்கை வந்தது. 1993 அக்டோபர் 29ல் சங்கங்களோடு இன்னொரு ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தங்கள் வங்கிகளைப் பின்னுக்கு இழுத்தன என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். ஆனால் எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. அந்த விதியை எழுதியவர்களில் மெஷின் முன்னால் உட்காரப் போகிறவரின் பிரதிநிதியும் இருந்தார். இன்றைக்கு ஏ.ஐ. நெறிமுறைகள் எழுதும் மேஜையில் எத்தனை கவுன்டர் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2004ல். பி.காம். படித்துவிட்டு, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, கடைசியில் கிடைத்த வேலை. லெட்ஜர் காலம் முடிந்துவிட்டது, ஆனால் லெட்ஜர் மனிதர்கள் முடியவில்லை. முதல் கிளையின் ஸ்டோர் ரூமில் அந்தக் காலத்து லெட்ஜர்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரவு செலவுக்கும் எதிரில் ஆபீசரின் சின்னக் கையெழுத்து. பச்சை மை, சிவப்பு மை. பதினைந்து வருஷம் கழித்தும் அது யாருடையது என்று சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தக் கோணல் கையெழுத்துதான் பொறுப்பு. ஏ.எல்.பி.எம். வந்ததும் அது காணாமல் போயிற்று. மெஷினுக்குக் கையெழுத்து கிடையாதே. அதற்குப் பதிலாகப் பாஸ்வேர்டு வந்தது, மறுநாள் காலையில் வவுச்சரையும் பிரிண்ட் அவுட்டையும் ஒத்துப்பார்த்து ஒவ்வொன்றுக்கும் டிக் போடும் வழக்கம் வந்தது. ஒருவர் ஏற்ற, இன்னொருவர் பாஸ் செய்ய வேண்டும் என்ற மேக்கர்-செக்கர் முறை மெஷினுக்குள் போனது.

எழுத்தில் பிரமாதம். நடைமுறை? நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஆபீசரின் பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தது. கூட்டம் நெருக்கும்போது ஏற்றுகிறவரே பாஸும் பண்ணிவிடுவார். வவுச்சர் சரிபார்க்கும் கட்டு சில சமயம் வாரக்கணக்கில் சேர்ந்துவிடும். ஆடிட்டர் வருகிறார் என்றால் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து வரிசையாக டிக். நானும் போட்டிருக்கிறேன். மறைப்பானேன். யாரும் திருடர்கள் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கிளியரிங் அனுப்ப வேண்டும், வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், ஆள் ரெண்டு பேர் லீவு. விதியை எழுதியவர் கணக்கில் சேர்க்காதது அந்த நாற்பது பேரைத்தான்.

சாவி விஷயமும் இதே மாதிரி. வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். வங்கியின் கேஷ் சேஃபுக்கு இரண்டு சாவி. இரண்டு பேர் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். சாவி கைமாறினால் ரெஜிஸ்டரில் தேதி, நேரம், கொடுத்தவர், வாங்கியவர் கையெழுத்து. அழகான ஏற்பாடு. ஆனால் இரண்டாவது ஆளுக்கு அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்து "நீங்களே வெச்சுக்கோங்க சார், சனிக்கிழமை வந்துடுவேன்" என்று சாவியை முதல் ஆளிடமே கொடுத்துவிட்டுப் போனால்? ரெஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து இருக்கும், சேஃப் ஒரே ஆளுடைய பாக்கெட்டில் இருக்கும். இப்போது ஏ.ஐ. பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முடிவில் மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறார்கள் இல்லையா, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாவது சாவிதான் நினைவுக்கு வருகிறது. மெஷின் சொன்னதற்கு ஓகே பட்டனை அழுத்துகிற மனிதர் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. அவருக்கு நேரமும் விவரமும் மறுக்கும் தைரியமும் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

சரி, சர்க்குலரை வேலையாக மாற்றும் ஆள் எப்போது வந்தார்? இதற்கு ஒரு தேதி இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வங்கி மோசடிகளை ஆராய ரிசர்வ் வங்கி துணை கவர்னர் ஏ. கோஷ் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். (1985ல் வெறும் 20 நாள் கவர்னராக இருந்தாரே, அதே கோஷ்தான்.) 1992ல் அறிக்கை வந்தது. அந்த வருஷம்தான் ஹர்ஷத் மேத்தா விவகாரமும் வெடித்தது. பத்திரமே இல்லாமல் வங்கி ரசீதுகள் கைமாறியிருந்தன. விதிகள் எல்லாம் இருந்தன. யாரும் பார்க்கவில்லை. கோஷ் கமிட்டி சொன்னவற்றில் ஒன்று, விதிகள் நடக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்பது. அதன்படி 1992 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளில் கம்ப்ளயன்ஸ் ஆபீசர் என்ற பதவியை அறிமுகப்படுத்தியது.

அப்புறம் 1995ல் உள்தணிக்கை பற்றி ஜிலானி கமிட்டி. இந்த இரண்டு கமிட்டிகளும் சேர்ந்து எங்களுக்குக் கொடுத்த சீதனம் ஒரு செக்லிஸ்ட். கோஷ்-ஜிலானி ஸ்டேட்மென்ட் என்றால் பழைய வங்கிக்காரர்கள் இப்போதும் சிரிப்பார்கள். பக்கம் பக்கமாகக் கேள்வி, எதிரில் ஆம், இல்லை, பொருந்தாது. போன காலாண்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே காப்பி அடிப்பது ஊரறிந்த ரகசியம். ஒரு தடவை லாக்கரே இல்லாத கிளையிலிருந்து, லாக்கர் விதிகள் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றன என்று பதில் போனதாக ஒரு கதை உலவியது. உண்மையா பொய்யா, எனக்குத் தெரியாது. நம்பாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை :)

கிண்டலை விடுங்கள். அந்தச் செக்லிஸ்டால் நன்மையும் இருந்தது. அது வரும் வரை ஒரு கிளர்க்குக்கு, சார், இது விதிப்படி இல்லை என்று மேனேஜரிடம் சொல்ல ஒரு பிடிமானம் கிடையாது. அது வந்த பிறகு, கோஷ் கமிட்டியில் இப்படிக் கேட்கிறார்களே சார் என்று பவ்யமாகச் சொல்லித் தப்பிக்கலாம். நானே இரண்டு முறை தப்பித்திருக்கிறேன்.

கம்ப்ளயன்ஸ் பதவியும் மெதுவாக வளர்ந்தது. 2007 ஏப்ரலில் அதற்கென விரிவான வழிகாட்டுதல். 2020 செப்டம்பரில் இன்னும் இறுக்கினார்கள். தலைமை கம்ப்ளயன்ஸ் அதிகாரிக்குக் குறைந்தது 3 வருஷப் பதவிக்காலம், அவர் வியாபாரப் பிரிவுக்குக் கீழே வரக்கூடாது, கூட வேறு தொப்பி போடக்கூடாது என்று. இந்தச் சின்ன விதியை எழுத எங்களுக்கு 28 வருஷம் ஆகியிருக்கிறது. டார்கெட் வைத்திருக்கும் ஆளிடமே போய் நிற்க வேண்டியிருந்தால் எந்தக் காவலாளியும் வாயைத் திறக்க மாட்டான் என்பது அவ்வளவு தாமதமாகத்தான் எழுத்தில் ஏறியது.

விதிக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நாட்டுக்கே காட்டிய வருஷம் 2018. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் நடந்தது எல்லாருக்கும் நீரவ் மோடி விவகாரமாகத்தான் நினைவிருக்கும். அதில் எங்களைப் போன்றவர்களைத் தூங்கவிடாத பகுதி வேறு. வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் ஒரு பெட்டி. கணக்கு வைக்கும் கோர் பேங்கிங் இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் வயர் இல்லை. ஸ்விஃப்டில் செய்தி போகும், கோர் பேங்கிங்கில் பதிவே இருக்காது. 2018 பிப்ரவரியில் வங்கி முதலில் வெளியிட்ட தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பின்னால் அது ஏறியது.

ஸ்விஃப்ட் தவறாகப் பயன்படலாம் என்று 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று தடவை வங்கிகளை ரகசியமாக எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி அப்போது அறிக்கை விட்டது. அதாவது சர்க்குலர் இருந்தது. வயர்தான் இல்லை. 2018 ஏப்ரல் 30க்குள் இரண்டையும் இணைக்கச் சொல்லிக் கெடு வைத்தார்கள். 2019 மார்ச்சில், ஸ்விஃப்ட் தொடர்பான உத்தரவுகளைச் சரிவர நிறைவேற்றாததற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம். அவ்வளவு பெரிய பள்ளத்தை எல்லாரும் எட்டிப் பார்த்த பிறகும், ஒரு வருஷம் கழித்து, 36 வங்கிகள்!

இப்போது மாடலுக்கு வருவோம். கடன் யாருக்குக் கொடுக்கலாம் என்று மதிப்பெண் போடும் கணக்குகளைத்தான் எங்கள் துறையில் மாடல் என்கிறோம். செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் பிரபலமாவதற்கு முன்னாலேயே இதற்கான ஒழுங்கு அமெரிக்காவில் எழுதப்பட்டுவிட்டது. 2011 ஏப்ரலில் அங்கே மத்திய வங்கி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாடலைச் செய்தவரே அதைச் சரி என்று சொல்லக்கூடாது, தனியாக ஒருவர் சோதிக்க வேண்டும், அவருக்கு எதிர்த்துக் கேள்வி கேட்கும் திறமையும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம்ம மேக்கர்-செக்கர்தான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்த வருஷமே, 2012ல், ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். விசாரித்தால், ஆபத்தை அளக்கும் மாடல் ஒன்று எக்செல் தாள்களில், கையால் காப்பி-பேஸ்ட் செய்து ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். பி.காம். முதல் வருஷப் பையன் செய்கிற தப்பு.

இதைப் படிக்கும்போது எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

ஐரோப்பா இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. அவர்களுடைய செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1ல் அமலுக்கு வந்தது, ஆனால் ஒரே நாளில் எல்லாம் இல்லை. தடை செய்யப்பட்டவை 2025 பிப்ரவரியிலிருந்து, மற்றவை படிப்படியாக. தனிமனிதரின் கடன் தகுதியை மதிப்பிடும் மாடல்களை அதிக ஆபத்துள்ள பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கான கெடு முதலில் 2026 ஆகஸ்ட் என்று இருந்தது. அதைத் தள்ளிப்போட ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் யோசனை முன்வைத்தது. எப்படிப் பின்பற்றுவது என்பதற்கான தரநிலைகள் தயாராகவில்லை என்பது முக்கியக் காரணம். ரெஜிஸ்டர் எது என்ற எங்கள் சீனியரின் கேள்வி பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்டில் கடன் மாடல்களின் ஆபத்துகளைக் கையாள ஒரு வரைவு வெளியிட்டது. அந்த டிசம்பரில் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையில் கமிட்டி. 2025 ஆகஸ்டில் அறிக்கை. 7 சூத்திரங்கள், 26 பரிந்துரைகள். அவர்கள் எடுத்த ஆய்வில் 612 நிறுவனங்களில் சுமார் 21 சதவீதம்தான் ஏ.ஐ.யைப் பயன்படுத்துகின்றன அல்லது உருவாக்கிக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தது. அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசின் பொதுவான ஏ.ஐ. வழிகாட்டுதலும் வந்தது. அதை எழுதிய குழுவுக்குத் தலைவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன். ரிசர்வ் வங்கிக் கமிட்டியின் அதே 7 சூத்திரங்களைத்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி முடிந்த வாரம் அந்த ரிசர்வ் வங்கி அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். சூத்திரங்களைத் தாண்டி உள்ளே போனால் சீனியர் கேட்டது இருக்கிறது! ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமுள்ள ஏ.ஐ. மாடல்கள் அத்தனைக்கும் ஒரு இன்வென்டரி வைக்க வேண்டும், எந்த வேலைக்கு, யாரைப் பாதிக்கும், எதை நம்பி ஓடுகிறது, என்ன புகார் வந்தது என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்க வேண்டும் என்று பரிந்துரை. இது பரிந்துரைதான், கட்டளை இல்லை. ஆனாலும் சாவி ரெஜிஸ்டரின் தம்பி பிறந்துவிட்டான் என்று அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பேரு வெச்சாச்சு, நடக்கிறானா பார்ப்போம்" என்றார் மனுஷன்.

இனி அண்ணாச்சி.

அவர் "ஏன் சார்?" என்று கேட்டது கருணைக்காக இல்லை, அது அவர் உரிமை. இது பலருக்குத் தெரியாது. 2003 மே மாதமே ரிசர்வ் வங்கி கடன் கொடுப்பவர்களுக்கான நியாய நடைமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கும் சிறியவர்களுக்கு, மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றது. 2007 மார்ச்சில் அந்த 2 லட்சம் வரம்பை எடுத்துவிட்டு எல்லாக் கடனுக்கும், கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கும்கூட என்று விரித்தது. ஏ.ஐ. விளக்கம் சொல்ல வேண்டும் என்று உலகம் பேச ஆரம்பிப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் எழுதிய விதி.

எங்கள் கிளையில் அந்த விதி எப்படி இறங்கியிருந்தது? கம்ப்யூட்டரே ஒரு கடிதம் அச்சடிக்கும். தங்கள் விண்ணப்பம் வங்கியின் உள் மதிப்பீட்டு அளவுகோல்களைப் பூர்த்தி செய்யாததால் பரிசீலிக்க இயலவில்லை. காரணம் எழுத்தில் கொடுத்தாயிற்று. ஆடிட்டர் டிக் போட்டுவிடுவார். அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல காரணம் எங்க சார் இருக்கு?" என்றார்.

கோடு எண்ணை வைத்து வட்டார அலுவலகத்தைக் கேட்டேன். அவர்கள் தலைமை அலுவலகத்தைக் கேட்டார்கள். அவர்கள் மாடல் செய்து கொடுத்த கம்பெனியைக் கேட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பதாரரின் பெயர் ஒத்துப்போகவில்லை, கடன் வரலாற்றில் பழைய பாக்கி.

பாக்கியா? மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு கடன்தான் வாங்கியிருக்கிறார், டூவீலருக்கு, அதுவும் முழுசாகக் கட்டி முடித்தது.

தோண்டினால் வந்தது நம் எல்லாருக்கும் பொதுவான பூதம். இனிஷியல்! குஜராத்தில் பெயர் மூன்று கட்டத்தில் வரும். தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். விண்ணப்பமும் அப்படியே மூன்று கட்டம். நமக்கு ஒரு பெயர், முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கிறது. பான் கார்டில் அப்பா பெயரை விரித்துக் கடைசியில் போட்டு, அது குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. டூவீலர் கடனில் எவரோ இனிஷியலையே விட்டுவிட்டார்கள். இதில் அவரைப் போலவே பெயர் கொண்ட இன்னொருவரின் கட்டாத கடன் கிரெடிட் ரிப்போர்ட்டில் இவர் தலையில் ஏறியிருந்தது. வாடகை வீடு மாறி மாறி விலாசம் நாலு. மெஷின் பார்வையில் இவர் நிலையில்லாத ஆள், பெயர் மாற்றிக்கொள்கிற ஆள், பாக்கிக்காரர். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் சாதாரண வாழ்க்கை முழுக்க அந்த மாடலுக்குச் சந்தேகமாகத் தெரிகிறது.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். பழைய காலம் பொற்காலம் ஒன்றும் இல்லை. இதே ஊரில் 1980ல் ஒரு தமிழ் மில் தொழிலாளி கடன் கேட்டு மேனேஜர் முன்னால் போய் நின்றிருந்தால், முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, ஜாமீன் யார் என்று கேட்டு, முக்கால்வாசி நேரம் கிரெடிட் ரிப்போர்ட்டே இல்லாமல் திருப்பி அனுப்பியிருப்பார்கள். காரணம் கேட்கவும் முடியாது. மெஷின் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறது. தப்பாக இருந்தாலும் ஒரே மாதிரித் தப்பு. அதனால்தான் அந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்தவும் முடியும். மேனேஜர் மனசைத் திருத்த எந்த இன்வென்டரியும் கிடையாது.

கிரெடிட் ரிப்போர்ட் திருத்தத்துக்கு மனுப் போட்டோம். 2023 அக்டோபரில் வந்த ஒரு ரிசர்வ் வங்கி உத்தரவு இதில் கை கொடுத்தது. புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு. கவனியுங்கள், தொகை சின்னது. ஆனால் விதிக்குள் ஒரு கடிகாரமும் ஒரு காசுக் கணக்கும் இருக்கிறது. அண்ணாச்சி விஷயம் 26வது நாளில் தீர்ந்தது. அந்த 100 ரூபாய் இல்லையென்றால் எத்தனை மாசம் இழுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

திருத்திய பிறகு மறுபடி ஏற்றினேன். மதிப்பெண் ஏறியது, ஆனால் விளிம்பில் நின்றது. நாலு விலாசம் இன்னும் உறுத்துகிறது போலிருக்கிறது. அப்போது எனக்கு இருந்த ஒரே வழி, மாடல் முடிவைத் தாண்டி டீவியேஷன் கேட்டு மேலே நோட் போடுவது. போட்டால் என் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். கடன் நாளைக்கு வராக்கடன் ஆனால் முதல் கேள்வி என்னிடம்தான். போடாமல் விட்டால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். நிஜமாகவே ஒரு நாள் யோசித்தேன். வீட்டுக்காரம்மா, "அவர் மாவுதானே நாம தினம் திங்கிறோம்" என்றாள். அது கடன் மதிப்பீட்டு அளவுகோல் இல்லை என்று சொன்னேன், முறைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பாக்கெட் எண்ணினேன். மறு வாரம் ஒன்றரைப் பக்கம் நோட் எழுதினேன். பெயர்க் குழப்பம் எப்படி வந்தது, விலாசம் ஏன் மாறியது, தினசரி விற்பனை எவ்வளவு, மாடல் எதைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு அனுப்பினேன். சாங்ஷன் ஆகிவிட்டது. கூடவே, மாடல் குழுவுக்குத் தமிழ்ப் பெயர்கள், இனிஷியல் பற்றி ஒரு தனிக் கடிதமும் போட்டிருக்கிறேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை.

வெளியூரில் இருக்கும் நம்ம மக்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு தடவை கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாக வாங்கும் உரிமை 2017லிருந்து இருக்கிறது. நாட்டில் நான்கு நிறுவனங்கள் இதை வைத்திருக்கின்றன, ஒவ்வொன்றிடமும் வாங்கலாம். வாங்கிப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பழைய விலாசம் எல்லாம் பாருங்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் இனிஷியலை ஒரே மாதிரி விரித்து வையுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்புக் கடன் கேட்கப் போகும் வருஷத்தில் இதைக் கண்டுபிடிக்காதீர்கள். கடன் மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், அளவுகோல் பூர்த்தியாகவில்லை என்று கடிதம் வந்தால் எந்த அளவுகோல் என்று திருப்பிக் கேளுங்கள்.

அண்ணாச்சி கடையில் புது கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் தவணை நாலாம் தேதி கட்டினார், கெடு பத்தாம் தேதி.

பி.கு: அந்தக் குஜராத்தி சீனியர் நேற்றுப் போன் செய்தார். வட்டார அலுவலகத்திலிருந்து புதுச் செக்லிஸ்ட் வந்திருக்கிறதாம், ஏ.ஐ. பற்றி, 34 கேள்வி. போன காலாண்டு காப்பி இருக்கிறதா என்று கேட்டார். இதுதான் முதல் காலாண்டு சார் என்றேன்.